முழங்கை உயரம்

என் மனைவி நின்றுகொண்டு சமைக்க ஒரு மேசை செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது, அவள் பெங்களூருக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. பிரசவத்துக்காக மகள் பீளமேட்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும் மகள் பெங்களூரில் வேலைக்குத் திரும்பவேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஓர் ஆள் அமையும்வரை கூட இருக்கிறேன் என்று ஆவணி மாதத்தில் என் மனைவியும் பெட்டியைக் கட்டினாள். ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் என்றுதான் பேச்சு.

ஆள் அமையவில்லை. ஒருத்தி வந்தாளாம், நான்கு நாளில் நின்றுவிட்டாளாம். இன்னொருத்தி பேசுவது இவர்களுக்குப் புரியவில்லையாம், இவர்கள் பேசுவது அவளுக்குப் புரியவில்லையாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்க மாட்டேன். கேட்டால் பதில் வந்துவிடும்.

நான் மில்லில் ஃபிட்டராக இருந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. எண்ணெய் போடுகிற பையனாக உள்ளே போய் ஃபிட்டராக வெளியே வந்தேன். பகல், அரை நைட், முழு நைட் என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். முழு நைட் முடித்து நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் வாசல் கூட்டிக்கொண்டிருப்பாள். நான் படுக்கும்போது அவள் எழுந்திருப்பாள், நான் எழும்போது அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போயிருப்பாள். ஒரே வீட்டில் முப்பது வருடம் குடியிருந்தோம் என்று சொல்லலாம், ஆனால் ஒரே நேரத்தில் குடியிருந்தோமா என்று கேட்டால் யோசிக்கவேண்டும். மில்லில் கணக்கு முடித்து நான் முழுநேரமும் வீட்டில் இருக்கத் தொடங்கிய வருடம்தான் அவள் போனாள்.

வேறு மில்களின் சங்கு அப்போதும் ஊதிக்கொண்டிருந்தது. ஊதியதும் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். எதற்கு எழுந்தேன் என்று சற்று நேரம் தெரியாது.

போன புதிதில் ஒருநாள் போனில் அவள் சொன்னாள், “இங்க நின்னுட்டே சமைக்கலாமுங்க. முட்டி அவ்வளவா வலிக்கறதில்லீங்க.” நல்லது என்றேன். வீட்டுக்கு வந்து சமையல் அறையில் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டில் இருந்தது முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை. அதைக் கட்டிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முழு நைட் முடித்து வந்து கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தேன். கொத்தனார் வந்து எத்தனை உயரம் வேண்டும் என்று கேட்டார். படுத்தபடியே என் முழங்காலைத் தட்டிக் காட்டி, இத்தனை போதும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சமைக்கிறவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். அவளைக் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து வருடம் குனிந்தும் குத்தவைத்தும் சமைத்தாள். பிறகு முட்டி போய்விட்டது.

ஆக, அவள் வராமல் இருப்பதற்குக் காரணம் அந்த மேடைதான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். குழந்தை, மகள், ஆள் அமையாதது எல்லாம் இருக்கட்டும், சமையல் அறை சரியாக இருந்தால் வந்துவிடுவாள் என்று நம்பினேன். தனியாக இருக்கிறவனுக்கு ஒரு காரணம் கிடைத்தால் அதைக் கீழே வைக்க மனம் வராது. அதுவும் கையால் சரிசெய்துவிடக்கூடிய காரணம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கொத்தனாரைக் கூப்பிட்டு மேடையை உயர்த்தியிருக்கலாம். ஆனால் அது நான் செய்ததாக இருக்காது. மர வேலை எனக்குப் பழைய பழக்கம். புது மெஷின் வரும்போது மில்லில் பெட்டி உடைப்பார்கள். அந்தப் பலகையைக் கேட்டு வாங்கிவந்து மணை, ரேடியோ வைக்கும் தட்டு, அஞ்சறைப் பெட்டி என்று என்னத்தையாவது செய்வேன். ஆசாரி வேலை அளவுக்கு வராது. முதலில் செய்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அதில் உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு என் மனைவி, “ஏனுங்க, பொறக்கப்போற புள்ளைக்கு இப்பவே தொட்டில் செஞ்சுபோட்டீங்களா?” என்று கேட்டாள். அப்போது மகள் வயிற்றில் இருந்தாள். அந்த மகளுக்குத்தான் இப்போது பிள்ளை.

மேசைக்கு முதலில் உயரம் வேண்டும். ஃபிட்டர் வேலையில் வைஸ் என்று ஒன்று உண்டு, இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொள்கிற கருவி. நிற்கிறவனின் முழங்கை எங்கே வருகிறதோ அந்த உயரத்துக்கு அதை வைக்கவேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுக்க அரத்தால் ராவும்போது தோள் போய்விடும். சமையலுக்கும் அதே கணக்கு பொருந்தும், ஆனால் மேலே அடுப்பும் பாத்திரமும் வரும், ஆகவே முழங்கையிலிருந்து ஒரு சாண் கீழே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டேன். சாண் என்றால் ஒன்பது இஞ்சு.

ஆனால் அவளுடைய முழங்கை தரையிலிருந்து எத்தனை இஞ்சு என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் அவள் முகம் வரும், குரல் வரும். என் தோளுக்கு வருவாளா, காதுக்கு வருவாளா என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன். நின்றுகொண்டு கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து எத்தனை இஞ்சு வருகிறது என்று அளந்து சொல்லச் சொன்னேன்.

“எதுக்குங்க? ரவிக்கை தைக்கப் போறீங்களா?”

“மேசை செய்யறேன் அம்மிணி. நீ நின்னுட்டு சமைக்கறதுக்கு.”

அவள் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு பூத்திலிருந்து வெளியே வந்தேன். அடுத்த வாரம் மகள் அளவைச் சொன்னாள். இஞ்சு டேப் வைத்து அவளே அளந்தாளாம். சரியாக முப்பத்தெட்டு.

முப்பத்தெட்டில் ஒன்பது போனால் இருபத்தொன்பது. சமையல் அறைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் பெரிதாக எழுதிவைத்தேன்.

காலுக்கும் சட்டத்துக்கும் மரம் வாங்க உக்கடத்துக்குப் போனேன். இடித்த வீடுகளின் கதவு, கதவுச் சட்டமான நிலவு, உத்தரம் எல்லாம் அங்கே கடைகளில் அடுக்கியிருப்பார்கள். நான் போகிற கடை ஒரு பாய் கடை. அவருக்கு என் வயது இருக்கும். எதை வாங்கினாலும், எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். ஒரு பழைய தேக்கு நிலவை எடுத்துப் போட்டு, இது காய்ந்து முடித்த மரம், இனி எங்கும் போகாது என்றார். இழுப்பறைக்கு என்ன மரம் போடுகிறீர்கள் என்று அவர் கேட்டதற்குப் பலா இருக்கிறது என்றேன்.

அந்தப் பலா வந்த கதை வேறு. தொண்டாமுத்தூரில் என் சகலை தோட்டத்தில் இருந்த மரம். பழ வாசத்துக்கு யானை வந்து, பறிப்பதற்குப் பொறுமை இல்லாமல் மரத்தையே சாய்த்துவிட்டுப் போய்விட்டது. சகலை அதை அறுத்துப் போட்டிருந்தார். நான்கு பலகை எனக்குக் கொடுத்தார். மஞ்சள் மஞ்சளாக அவ்வளவு அழகு. அறுத்து எத்தனை மாதம் ஆச்சு என்று பாய் கேட்டார். மூன்று மாதம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“ஒரு வருசம் நெழல்ல கெடக்கட்டுமுங்ண்ணா. பச்சை மரம்.”

என்னால் ஒரு வருடம் காத்திருக்க முடியாது. ஆடிப் பண்டிகைக்கு, எங்கள் பேச்சில் ஆடி நோம்பிக்கு, வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வேலைதான். காலையில் கொல்லைப்புறத்து வேப்பமர நிழலில் இழைப்புளியை எடுத்தால் மத்தியானம் பசித்தால்தான் நிமிர்வேன். சுருள் சுருளாகச் சீவல் விழும். யாரும் வரமாட்டார்கள், நானும் யாரையும் எதிர்பார்க்க மாட்டேன். பேச ஆள் இல்லாததால் சில நாள் என் குரலே எனக்குக் கரகரவென்று கேட்டது. ஒருநாள் கட்டைவிரலில் உளி பட்டுவிட்டது. “அட” என்றேன். அன்றைக்கு நான் பேசியது அது ஒன்றுதான் என்று சாயந்திரம் நினைத்துப் பார்த்தேன்.

சட்டம் நன்றாக வந்தது. நான்கு காலும் தரையில் ஒட்டி நின்றன, ஒரு காகிதம் கூட அடியில் நுழையாது. இழுப்பறை இரண்டும் அதைவிட நன்றாக வந்தன. இரும்பில் நாங்கள் தௌ கணக்கில் வேலை செய்வோம். ஓர் இஞ்சை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு தௌ. பேரிங் உட்காருவதுபோல் அந்த இழுப்பறைகளை உட்காரவைத்தேன். விரலால் தள்ளினால் உள்ளே இருக்கும் காற்று புஸ்ஸென்று வெளியே வரும். அப்படி ஒரு பொருத்தம். அதைத் திறந்து மூடிப் பார்ப்பதே ஒரு வாரம் எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது.

ஆனி பிறந்தது. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பி, நாள் முழுக்கத் தூறலும் ஈரமுமாக இருந்தது. ஒருநாள் காலையில் இழுத்தேன், இழுப்பறை வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. மேசையில் காலை ஊன்றி இழுத்ததில் பிடி மட்டும் கையோடு வந்தது. அவளுக்காக வாங்கிய கரண்டி, கத்தி எல்லாம் உள்ளே.

உக்கடத்துக்குப் போய் பாயிடம் சொன்னேன். அவர் சிரிக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன், நன்றாகவே சிரித்தார்.

“நீங்க இரும்பு புடிச்ச ஆளுங்ண்ணா. இரும்பு சொன்னபடி நிக்கும். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்கு ஒடுங்கும். ஒரு தீக்குச்சி போற சந்து உட்டிருக்கோணும். புருசன் பொண்டாட்டிக்கே அவ்வளவு வேணும், நீங்க மரத்துக்கு உடாமப் போயிட்டீங்க.”

“எங்களுக்கு நடுவுல ஈரோடு, சேலம் எல்லாம் கெடக்குது பாய்” என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு டீ சொன்னார்.

மேசையைக் கவிழ்த்து, பின்பக்கத்தைப் பிரித்து, இரண்டு இழுப்பறைகளையும் தட்டி எடுத்தேன். சுற்றிலும் சீவினேன். இப்போது தீக்குச்சி போகும். இழுத்தால் கடகடவென்று ஆடிக்கொண்டு வரும். ஃபிட்டர் கண்ணுக்கு அது அசிங்கம். ஆனால் திறக்கிறது. மேலே கடப்பாக்கல் ஒன்றை அறுத்துப் போட்டேன். கல்லோடு சேர்த்து இருபத்தொன்பது இஞ்சு.

ஆடி நோம்பிக்கு முந்தின வாரம் போன் செய்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாள். தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மகள், “நீங்க இங்க வந்துருங்கப்பா” என்றாள். முந்தின தீபாவளிக்கு எட்டு நாள் போய் இருந்தவன் நான். மூன்றாவது மாடி. பொழுது போகாமல் அவர்கள் வீட்டு நாற்காலி ஒன்றுக்கு ஆப்பு வைத்துக்கொண்டிருந்தேன், நான்கு தட்டுத் தட்டியதற்குள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளை அவரிடம் மன்னிப்புக் கேட்டார். தங்கமான பிள்ளை, என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேசை இருந்தும் நான் கீழ்மேடையில் குத்தவைத்துத்தான் சமைத்தேன். புது அடுப்படியில் முதலில் பால் காய்ச்சவேண்டும், அதைச் செய்யவேண்டியவள் அவள். கல்லைத் தினமும் துடைப்பேன். ஒரு டம்ளர் கூட அதன்மேல் வைத்ததில்லை.

தை நோம்பிக்கு வந்தார்கள். நான்கு நாள் லீவு. மகள், மாப்பிள்ளை, ஓடியாடத் தொடங்கியிருந்த பேத்தி, என் மனைவி. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். என் மனைவி கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நிறமும் தெளிந்திருந்தது. நேராகச் சமையல் அறைக்குள் போய் மேசையைத் தடவிப் பார்த்தாள். இழுப்பறையை இழுத்தாள். கடகடவென்று வந்தது. “அருமையா இருக்குதுங்க” என்றாள். பால் காய்ச்சினாள். பொங்கி வழிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

மத்தியானம் குழம்பு வைத்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியால் கிளறும்போது அவள் வலது தோள் மேலே ஏறியது. இறக்கிக்கொண்டாள், மறுபடியும் ஏறியது. மில்லில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன், வைஸ் உயரமாக இருந்தால் தோள் அப்படித்தான் ஏறும். இஞ்சு டேப்பை எடுத்து மேசையை அளந்தேன். இருபத்தொன்பதுதான். ஒரு நூல் கூடுதல் இல்லை. எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை மகளும் மாப்பிள்ளையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தார்கள். என் மனைவி தன் பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்தாள். நீல நிறம், மெத்தென்று, ஓர் இஞ்சு கனம் இருக்கும். அடி சுத்தமாகக் கழுவியிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு சமையல் அறைக்குள் போனாள். எங்கள் வீட்டில் செருப்பு வாசற்படியைத் தாண்டியதே இல்லை. மில்லிலிருந்து கால் எரிய வந்த நாளில்கூட நான் தாண்டியதில்லை, தாண்ட அவள் விட்டதில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “டாக்டரு சொன்னாருங்க. அங்க போன மொத மார்கழிக் குளுருக்கே முட்டி புடிச்சுக்குச்சு. அங்க ஊட்டுக்குள்ள எப்பவும் இதுதான்” என்றாள்.

அடுப்பின் முன் நின்றாள். தோள் ஏறவில்லை.

மகள் அளந்தபோது என் மனைவி காலில் அது இருந்திருக்கிறது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வீட்டில் நிற்பது என்றாலே அதைப் போட்டுக்கொண்டு நிற்பதுதான். வீட்டுக்குள் செருப்போடு ஒருத்தி நிற்பாள் என்று எனக்குத் தோன்றியிருந்தால் அல்லவா கேட்டிருப்பேன்? நான் அளவு கேட்டது என் வீட்டில் வெறுங்காலோடு நடப்பவளுக்கு. அளவு வந்தது அங்கே நிற்பவளிடமிருந்து.

கொல்லையிலிருந்து ரம்பத்தை எடுத்துவந்தேன்.

“ஒரு இஞ்சுதான் அம்மிணி. நாலு காலையும் அறுத்துபோட்டா சரியாப் போயிரும்.”

“வேண்டாமுங்க.”

“அரை மணி நேரத்து வேலை. கல்லை மட்டும் எறக்கி வெச்சுட்டா—”

அவள் அடுப்பைத் தணித்தாள். என்னைப் பார்க்கவில்லை, குழம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நாலு நாள் நிக்கற எனக்கு எதுக்குங்க அறுக்கறீங்க? வருசம் முச்சூடும் நிக்கறது நீங்க. உங்க கைக்கு ஏத்தாப்புல வெச்சுக்குங்க.”

ஒன்றரை வருடமாக நான் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்கு இப்படிப் பதில் வந்தது. ரம்பத்தைக் கீழே வைத்தேன். வைக்க இடம் தேடியதுபோல் சற்று நேரம் அங்கேயே குனிந்திருந்தேன்.

“பாப்பா பள்ளிக்கூடம் போற வரைக்குமா?” என்று கேட்டேன்.

“போனாலும் மத்தியானம் போயி கூட்டியாறோணுமில்லீங்க.” பிறகு கொஞ்சம் மெதுவாக, “காலையில அவங்க ரெண்டு பேரும் கெளம்பிப் போயிட்டா அது என்ற மூஞ்சியைத்தான் பாக்குதுங்க” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என்னையும் வரச் சொன்னாள். அங்கே மொட்டை மாடியில் இடம் இருக்கிறது, பகலில் கீழ்வீட்டில் ஆள் இருக்காது, தட்டிக்கொள்ளலாம் என்றெல்லாம் சொன்னாள். பார்க்கலாம் என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை. கோயிலுக்குப் போனவர்கள் வந்துவிட்டார்கள். பேத்தி குடுகுடுவென்று உள்ளே வந்து, ஆடும் இழுப்பறையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று இழுத்தாள், தள்ளினாள், மறுபடி இழுத்தாள். அந்த மேசையால் உண்மையான சந்தோஷம் அடைந்தது அவள்தான்.

நான்காம் நாள் போய்விட்டார்கள். செருப்பை மறக்காமல் எடுத்துவைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் மேசையின் உயரத்தை மாற்றவில்லை. வெறுங்காலோடு அவளுக்கு உயரம், எனக்குக் குட்டை, இரண்டு பேருக்கும் ஆகாமல் நின்றது. அதில் குனிந்து சமைத்து முதுகு பிடித்துக்கொண்ட பிறகுதான் மாசிக் கடைசியில் அளவு எடுக்க உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது சும்மா வார்த்தை. நிற்கவேண்டும்.

தன் முழங்கையைத் தானே அளக்க முடியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டேப்பின் நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியை முழங்கைக்குக் கொண்டுவந்தால், எண்ணைப் பார்க்கக் குனியவேண்டும். குனிந்தால் முழங்கை இறங்கிவிடும். மூன்று தடவை மூன்று அளவு வந்தது. பக்கத்து வீட்டில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. முழங்கையில் அடுப்புக்கரியைத் தடவிக்கொண்டு சுவரோரம் நேராக நின்று, கையை மடக்கிச் சுவரில் அழுத்தினேன். விலகிப் பார்த்தால் வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புப் பொட்டு. தரையிலிருந்து நாற்பத்தொரு இஞ்சு, ஒன்பது போனால் முப்பத்திரண்டு. மீதி இருந்த தேக்கில் மூன்று இஞ்சுக் கட்டைகள் நான்கு அறுத்து, காலுக்கு ஒன்றாக அடியில் ஒட்டி ஆணி அடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன்.

“ஒசரம் சரியா வந்துச்சுங்களா?”

“வந்துச்சு. தோள் ஏறலை.”

“அளவு யாருங்க எடுத்தது?”

“நானேதான்.”

பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. பூத்துக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். காலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கோதுமை உப்புமா என்றேன்.